பழைய புல்லட்டை 'பாபர்' ஆக்க ஆசையா? வெல்டிங் பட்டறைக்கு போகும் முன்பு இதை படிங்க!

கோவை:-

வீட்டு ஓரத்தில் சாக்கு போர்த்தி நிற்கிறது அப்பா காலத்து புல்லட். அதை பார்க்கும்போதெல்லாம் பையனுக்கு கை துறுதுறுக்கிறது. செல்போனில் ஒரு படம் வைத்திருக்கிறான். குட்டை மட்கார்டு, ஒரே ஒரு சீட்டு, தடித்த டயர். நம்ம வண்டியும் இப்படி ஆகிவிட்டால் ஊரே திரும்பி பார்க்குமே என்று ஒரு ஆசை. ஆசை யாரை விட்டது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்டி பட்டறை வாசலில் நிற்கிறது. "பின்னாடி பூரா வெட்டிருங்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிங் மிஷின் சுற்ற ஆரம்பித்து விடும். 10 நிமிடத்தில் வேலை முடிந்தது. வண்டியும் முடிந்தது!

ஏனென்றால் வெட்டிய பிரேமை பழைய மாதிரி ஒட்ட வைக்க யாராலும் முடியாது. இது ஆர்.சி. புதுப்பிக்க போகும் நாளில்தான் பலருக்கு உறைக்கிறது. ஆனால் ஒரு புல்லட்டை பாபர் ஆக்க பிரேமில் கையே வைக்க தேவை இல்லை என்பதுதான் நிஜம்.

பாப் கட்டிங் தெரியுமா?

பாபர் என்றதும் மொகலாய மன்னர் ஞாபகம் வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. பெண்கள் முடியை கழுத்தோடு குட்டையாக வெட்டுவதை பாப் கட்டிங் என்று சொல்கிறோமே, அதே 'பாப்' தான் இதுவும். வாலை குட்டையாக நறுக்குவது என்று அர்த்தம்.

இது அமெரிக்காவில் பிறந்த பழக்கம். 1930-களில் அங்கு ஹார்லி டேவிட்சன், இந்தியன் போன்ற வண்டிகள் பெரிய பெரிய மட்கார்டுகளோடு வந்தன. சாதாரண ரோட்டு வண்டியை அப்படியே ரேசுக்கு கொண்டு போகும் போட்டிகளும் அப்போது நடந்தன. எடை குறைந்தால் வேகம் கூடும் அல்லவா? முன் மட்கார்டை கழற்றி வீசினார்கள். பின் மட்கார்டை பாதியாக வெட்டினார்கள். தேவை இல்லாதது எல்லாம் போச்சு.

1945-ல் 2-வது உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய ராணுவ வீரர்கள் கையில் இந்த பழக்கம் இன்னும் பரவியது. 1953-ல் வந்த 'தி வைல்ட் ஒன்' என்ற ஆலிவுட் படத்தில் நடிகர் லீ மார்வின் ஓட்டி வருவது இந்த ரக வண்டிதான்.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். அந்த காலத்து பாபர்காரர்கள் பொதுவாக பிரேமில் கை வைக்கவில்லை. கம்பெனி பிரேம் அப்படியே இருக்கும். கழற்றுவதுதான் அவர்கள் வேலை. பிரேமை அறுத்து, கழுத்தை சாய்த்து, முன் போர்க்கை நீளமாக இழுத்து விடுவது 'சாப்பர்' என்ற வேறு ரகம். 1969-ல் வந்த 'ஈசி ரைடர்' படத்தில் வருவது அது. நம்ம ஊர் பையன்கள் பாபர் வேண்டும் என்று கேட்டு விட்டு, சாப்பருக்கான அறுவையை செய்து கொண்டு வருகிறார்கள். குழப்பத்துக்கு காரணம் இதுதான்.

புல்லட்டில் பாதி வேலையை கம்பெனியே செய்து வைத்திருக்கு

1955-ல் இருந்து சென்னையில் தயாராகும் வண்டி புல்லட். பழைய சினிமாவில் இன்ஸ்பெக்டர் ஓட்டி வரும் புல்லட்டை நினைத்து பாருங்கள். ஓட்டுபவருக்கு தனி ஸ்பிரிங் சீட்டு. பின்னால் உட்காருபவருக்கு குட்டியாக இன்னொரு தனி சீட்டு. இப்போது பாபர் சீட்டு என்று புதிதாக விற்கிறார்களே, ஏறக்குறைய அதே சாமான்தான்!

அந்த மாடல் வண்டி கையில் இருந்தால் ஸ்பிரிங் உட்கார பிரேமிலேயே இடம் இருக்கும். வெல்டிங்கே வேண்டாம். போல்ட் முடுக்கினால் போதும். நீள சீட்டு வந்த மாடல்களுக்கு மட்டும் இரும்பு பட்டையில் ஒரு பிராக்கெட் செய்து, ஏற்கனவே இருக்கும் போல்ட் ஓட்டைகளில் மாட்டிக்கொள்ளலாம். லேத் பட்டறைகளுக்கு கோவையில் பஞ்சமா என்ன? கணபதி பக்கம் தெருவுக்கு தெரு இருக்கிறது.

பழைய சீட்டு, பழைய மட்கார்டு தேடுபவர்களுக்கு உக்கடம் பழைய இரும்பு கடைகளும், சென்னை என்றால் புதுப்பேட்டையும் இருக்கவே இருக்கின்றன. விலை அன்றன்றைக்கு வாய் சாமர்த்தியம். ஆனால் அங்கு என்ஜின், பிரேம் வாங்குவதாக இருந்தால் மட்டும் பில், பேப்பர் இல்லாமல் தொடவே கூடாது. திருட்டு வண்டி சாமானாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டி வரும்.

முதல் முறை இறங்குபவர்கள் செய்ய வேண்டிய புத்திசாலித்தனமான செலவு ஒன்று உண்டு. வண்டியில் இருக்கும் ஒரிஜினல் மட்கார்டை வெட்டாமல் கழற்றி பரணில் போட வேண்டும். பழைய கடையில் இன்னொரு மட்கார்டு வாங்கி அதைத்தான் வெட்ட வேண்டும். தப்பாக வெட்டினாலும் போவது அந்த மட்கார்டு மட்டும்தான்.

முதலில் ஓடட்டும், அப்புறம் ஒப்பனை

4 வருடமாக ஸ்டார்ட் ஆகாத வண்டியை பிரித்து போட்டு பாபர் ஆக்குகிறேன் என்று இறங்குபவர்கள் ஏராளம். அப்படி பிரித்த வண்டி பெரும்பாலும் மூட்டையாகவே பழைய இரும்புக்கு போகிறது. என்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, கோன் செட் ஆடுகிறதா, வீல் பேரிங் சத்தம் போடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதை சரி செய்து ஒரு மாதமாவது வண்டியை அப்படியே ஓட்டி பார்ப்பது நல்லது. கையில் இருக்கும் பணத்தில் பாதியை பிரேக், டயர், ஒயரிங் என்று இதற்கே ஒதுக்கி விட வேண்டும். பெயிண்டு, சீட்டு எல்லாம் மீதி பணத்தில்தான்.

பிரிக்கும்போது செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டே பிரிப்பது இப்போது எல்லோரும் செய்வது. அதோடு, ஒவ்வொரு இடத்து போல்ட் நட்டையும் தனித்தனி கவரில் போட்டு பெயர் எழுதி வைக்க வேண்டும். ஒயர்களுக்கு டேப் ஒட்டி நம்பர் போட வேண்டும். இது சின்ன வேலை போல தெரியும். செய்யாதவர்கள் மாட்டும்போது தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள்.

உயிரோடு விளையாடும் 2 விரல் இடைவெளி

பாபர் என்றால் மட்கார்டு டயரை ஒட்டி உட்கார வேண்டும். படத்தில் அப்படித்தான் அழகாக இருக்கிறது. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது 2 விரல் இடைவெளி விட்டு மட்கார்டை பிரேமில் மாட்டி விடுகிறார்கள். ஆபத்தே இங்குதான்!

ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். ஆள் உட்கார்ந்து, வண்டி ஒரு வேகத்தடையிலோ குழியிலோ இறங்கும்போது ஷாக் அப்சர்பர் அமுங்கி சக்கரம் மேலே ஏறும். அப்போது டயர் போய் மட்கார்டில் மோதும். மட்கார்டின் போல்ட் தலை டயரை கிழிக்கும். சில சமயம் மட்கார்டே பிய்த்துக்கொண்டு சக்கரத்துக்குள் போய் விடும். ஓடுகிற வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல தேவை இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. 2 ஷாக் அப்சர்பரையும் கழற்றி விட வேண்டும். அது முழுசாக அமுங்கினால் எவ்வளவு குட்டையாகும் என்று பார்த்து, சக்கரத்தை அந்த உயரத்துக்கு ஜாக்கி வைத்து தூக்க வேண்டும். அந்த நிலையிலும் டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற உயரத்தில்தான் மட்கார்டை மாட்ட வேண்டும். சாதாரணமாக நிற்கும்போது இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். தெரிந்தால் தெரிந்து விட்டு போகட்டும்.

மட்கார்டை ஸ்விங் ஆர்மிலேயே மாட்டினால் சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும். இடைவெளி மாறாது. ஆனால் அந்த ஸ்டே கம்பிகள் தடியாக இருக்க வேண்டும். மெல்லிய பட்டையில் செய்தால் அதிர்விலேயே விரிசல் விட்டு விடும். புல்லட் அதிர்வை பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஷாக் அப்சர்பரையே எடுத்து விட்டு இரும்பு கம்பி போட்டு வெல்டு வைப்பதும் நடக்கிறது. பழைய அமெரிக்க வண்டிகளில் பின்னால் ஷாக் அப்சர்பர் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்த பிரேமை கம்பெனியே அதற்காக செய்தது. புல்லட்டில் அந்த வேலையை செய்தால் ஒவ்வொரு குழியின் அடியும் வெல்டிங் வைத்த இடத்திலும், ஓட்டுபவர் முதுகெலும்பிலும் நேராக இறங்கும்.

பிரேமில் ஏன் கை வைக்க கூடாது?

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் என்ஜினே பிரேமில் ஒரு பகுதி. முன் பக்கம் இறங்கி வரும் குழாய் என்ஜினுக்கு முன்னால் முடிந்து விடும். அதையும் பின் பகுதியையும் சேர்த்து பிடிப்பது என்ஜின்தான். என்ஜினை இறக்கி விட்டு கண்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் சூட்டில் பிரேம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் என்ஜின் போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வராது. சுத்தியலால் அடித்து ஏற்றுவார்கள். அந்த வண்டி ரோட்டில் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

பின் ஷாக் அப்சர்பரின் மேல் போல்ட் நிற்பதும் பின் பிரேமில்தான். 'சும்மா நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பிதானே' என்று அறுத்தால் அந்த இடமும் பலம் இழக்கிறது.

அப்படியும் ஏதாவது ஒரு சின்ன வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி தூரமாக வைத்து விட வேண்டும். டேங்க் காலியாகத்தானே இருக்கு என்று நினைக்க கூடாது. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும். டேங்கில் ஓட்டை அடைப்பதாக இருந்தால் அதற்கென்றே இருக்கும் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

கார்ப்பரேட்டர், சைலென்சர், ஒயரிங்

சைலென்சரை வெட்டினால் பிக்கப் ஏறும் என்பது பையன்கள் மத்தியில் பலமான நம்பிக்கை. ஏறுவது சத்தம் மட்டும்தான். சைலென்சரையும் ஏர் பில்டரையும் மாற்றினால் என்ஜினுக்குள் காற்று கூடுதலாக போகும். அதற்கு தகுந்த மாதிரி கார்ப்பரேட்டரில் ஜெட் மாற்றாவிட்டால் பெட்ரோல் பங்கு குறைந்து என்ஜின் கொதிக்கும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கை கழற்றி பார்த்தாலே தெரிந்து விடும். முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. கரி படிந்து கருப்பாக இருந்தால் அதிகம். லேசான காப்பி கலர்தான் சரி.

சத்தத்துக்கு தண்டனையும் உண்டு. மோட்டார் வாகன சட்டம் 190-வது பிரிவில், சத்தம் மற்றும் புகை விதியை மீறினால் முதல் தடவையே ரூ.10 ஆயிரம் வரை அபராதமோ, 3 மாதம் வரை ஜெயிலோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க வழி இருக்கிறது. பறிமுதல் செய்த சைலென்சர்கள் மீது போலீசார் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சியை டி.வி.யில் பார்க்காதவர்கள் குறைவு.

ஹேண்டில் பாரை மாற்றுபவர்கள் ஒரு சோதனையை மறக்க கூடாது. வண்டியை ஐடிலில் ஓட விட்டு ஹேண்டிலை இடது கடைசி வரைக்கும், வலது கடைசி வரைக்கும் திருப்பி பார்க்க வேண்டும். திருப்பும்போது என்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் பத்தவில்லை, இழுபடுகிறது என்று அர்த்தம். யூ டர்ன் எடுக்கும்போது வண்டி தானாக பாயும்.

கால் வைக்கும் இடத்தை முன்னால் தள்ளும் ஆசையை பழைய புல்லட்காரர்கள் விட்டு விடுவது நல்லது. அந்த மாடல்களில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பின் பிரேக் கம்பி, கியர் கம்பி எல்லாவற்றையும் புதிதாக செய்ய வேண்டி வரும். அதில் ஒரு பின் கழன்றாலும் பிரேக் போச்சு.

டயர் விஷயமும் அப்படித்தான். பழைய புல்லட் 350-ல் 2 பக்கமும் 3.25-19 அளவு டயர். அதை எடுத்து விட்டு 16 இஞ்ச் ரிம்மில் தடி டயர் போட்டால் வண்டி தாழ்ந்து விடும். நம்ம ஊர் வேகத்தடையில் அடி தட்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி சாயாமல் நெட்டாக நிற்கும், காற்றடித்தால் அந்த பக்கம் விழும். தடி டயர் செயினில் உரசுவதும் உண்டு. அதே 19 இஞ்ச் ரிம்மை வைத்துக்கொண்டு நல்ல புது டயர் போட்டாலே பாதி அழகு வந்து விடும்.

பிரேமுக்கு பவுடர் கோட்டிங் அடித்து பளபளவென்று மாட்டிய பிறகு லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. ஒயரை பூரா பிரித்து தேடுவார்கள். காரணம் சப்பையானது. எர்த் ஒயர் பிரேமில் தொடும் இடத்திலும் கோட்டிங் படிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி விட்டு போல்ட் முடுக்கினால் லைட் எரியும். இன்னொன்று, மிகவும் பழைய புல்லட்டுகள் 6 வோல்ட். 12 வோல்ட் எல்.இ.டி. லைட் வாங்கி மாட்டி விட்டு எரியவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு பயன் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

இனிதான் முக்கியமான விஷயம். மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி சொன்னதும் ஆர்.சி.யில் பதிவானதுமான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற கூடாது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில் 2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாக சொல்லி விட்டது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ற வார்த்தையை இன்னொரு தடவை படித்து பாருங்கள்.

ஆர்.சி.யில் சீட்டு எண்ணிக்கை 2 என்று இருக்கும். ஒரே சீட்டு பாபர் ஆக்கினால் அங்கேயே இடிக்கிறது. 2 பேர் போகும் வண்டிக்கு பின்னால் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் சேலை கார்டு வேண்டும் என்று விதி உள்ளது. ஆகவே படத்தில் பார்க்கும் மொட்டை பாபர் நம்ம ஊர் ரோட்டுக்கு சட்டப்படி ஒத்து வராது. இதை மறைத்து பேசும் பட்டறைகளும் உண்டு.

கலர் மாற்றுபவர்கள் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தை காட்டி இன்சூரன்ஸ் பணத்தை மறுக்கவும் கம்பெனிக்கு வழி கிடைத்து விடும்.

அப்போ என்னதான் செய்வது? தனி ஸ்பிரிங் சீட்டு, பின்னால் குட்டி சீட்டு, கைப்பிடி, சேலை கார்டு, கொஞ்சம் தாழ்ந்த ஹேண்டில் பார், ஒரிஜினல் சைலென்சர். இப்படி பாபர் தோற்றத்தில் ஒரு பழைய புல்லட்டை வைத்துக்கொண்டால் சிக்கல் வெகுவாக குறையும். பார்க்கவும் குறை இருக்காது. அசல் மொட்டை பாபர்தான் வேண்டும் என்பவர்கள் கம்பெனியே செய்து அனுமதி வாங்கி விற்ற வண்டியை பார்க்கலாம். ஜாவா பெராக் 2018-ல் அறிவிக்கப்பட்டது. ஜாவா 42 பாபர் 2022-ல் வந்தது. ராயல் என்பீல்டும் 2024 நவம்பரில் கோவன் கிளாசிக் 350 என்ற வண்டியை இந்த பாணியில் இறக்கியது.

50 வயது புல்லட்டா? கொஞ்சம் பொறுங்க

தாத்தா வாங்கிய வண்டி என்றால் முதலில் ஆர்.சி.யில் வருடத்தை பாருங்கள். 50 வருடத்துக்கு மேல் ஆகி, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் ஒரிஜினலாக இருக்கும் வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாக பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட். பதிவு கட்டணம் ரூ.20 ஆயிரம். கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம், தினசரி ஓட்ட முடியாது. அறுத்து வெல்டிங் வைத்த வண்டிக்கு இந்த வாய்ப்பு கிடையாது. பழைய வண்டி சேகரிப்பவர்களும் அதற்கு விலை சொல்ல மாட்டார்கள்.

மற்ற பழைய வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்ததும், அதற்கு பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறையும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார். ஒரிஜினல் சாமான்களை பரணில் வைத்திருப்பவர்கள் வண்டியை முன்பு இருந்தபடியே மாட்டிக்கொண்டு போகலாம். மட்கார்டு, நீள சீட்டு, சைலென்சர் எல்லாம் திரும்ப ஏற ஸ்பேனர் பிடிக்க தெரிந்தவருக்கு அரை நாள் வேலை.

அன்றைக்கு சேசிஸ் நம்பரும் சரி பார்க்கப்படும். பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து நம்பர் எடுப்பார்கள். புல்லட்டில் அந்த நம்பர் ஹேண்டிலுக்கு கீழே, பிரேமின் கழுத்து பகுதியில் அடித்திருக்கும். பவுடர் கோட்டிங் தடிமனாக படிந்து எழுத்து மூடிப்போனால் பென்சிலுக்கு ஒன்றும் ஏறாது. அப்புறம் கோட்டிங்கை சுரண்டப்போய் நம்பரும் சேர்ந்து தேய்ந்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். எனவே கோட்டிங்குக்கு பிரேமை கொடுக்கும் முன்பு நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் சூடு தாங்கும் டேப் ஒட்டி கொடுக்க சொல்லி பட்டறைக்காரரிடம் நின்று சொல்லி விட்டு வர வேண்டும்.